'லிக்விட் ஸ்வோர்ட்ஸ்' யாருடைய ஆல்பம்? ஜிஸாவுடையதா, ரிஸாவுடையதா?

நீங்கள் கேட்டிருப்பது இது: அமெரிக்க ராப்பர் ஜிஸாவின் 'லிக்விட் ஸ்வோர்ட்ஸ்' (1995) ஒரு சோலோ ஆல்பம், அதாவது தனி ஆள் ஆல்பம் என்று எல்லா இடத்திலும் போட்டிருக்கிறது. ஆனால் கேட்டுப் பார்த்தால் அவருடைய நியூயார்க் ஹிப் ஹாப் குழுவான வு-டாங் கிளான் ஆட்கள் மொத்தப் பேரும் உள்ளே இருக்கிறார்கள், பீட் (ராப்புக்குப் பின்னால் ஓடுகிற இசை) எல்லாம் அதே குழுவின் ரிஸா செய்தது, கடைசிப் பாட்டில் ஜிஸாவே கிடையாது. அப்புறம் இது எந்த வகையில் சோலோ? அதிலும் 'இரண்டாவது சோலோ' என்கிறார்களே, முதலாவதைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை? பார்க்க இரண்டு கேள்வி மாதிரி இருந்தாலும், நீங்கள் உண்மையில் கேட்பது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். இந்த ஆல்பத்தின் பெருமை யாருக்குச் சேர வேண்டும், வரி எழுதியவருக்கா, பீட் போட்டவருக்கா? இரண்டாவது ஆல்பம் என்ற விஷயத்தைச் சரியாகப் புரிந்துகொண்டால் இதற்கும் பதில் கிடைத்துவிடும் என்பது என் எண்ணம்.

முதலில் என் எல்லையைச் சொல்லிவிடுகிறேன். நான் ஒலிப்பதிவுக் கூடத்தில் மிக்ஸிங் வேலை பார்ப்பவன், பல வருடமாக இதே பிழைப்பு. பீட்டும் குரலும் எங்கே சேர்கின்றன, எங்கே முட்டிக்கொள்கின்றன என்பதை என் காதை நம்பிச் சொல்வேன். நியூயார்க் தெருப் பேச்சு வேறு விஷயம். அங்கே வளர்ந்தவன் இல்லை நான், வரிகளைப் படித்துப் படித்துத்தான் பாதியாவது புரிந்துகொண்டேன், அதனால் எந்த வார்த்தைக்கு அந்தத் தெருவில் என்ன கனம் என்று தீர்ப்புச் சொல்ல மாட்டேன். அதே மாதிரி, உறையில் 'தயாரிப்பு: ரிஸா' என்று அச்சிட்டிருப்பதை மட்டும் வைத்து, அந்த அறைக்குள் யார் எந்த யோசனையைச் சொன்னார்கள் என்று வெளியில் இருக்கும் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. கூடத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். வாசலில் நின்றுகொண்டிருந்த ஒருத்தர் 'அந்த ட்ரம்மை எடுத்துடேன்' என்று சொன்னதில் பாட்டே மாறியிருக்கும், அவர் பெயர் எங்கேயும் வராது.

சரி, முதல் ஆல்பம். 'வேர்ட்ஸ் ஃப்ரம் த ஜீனியஸ்', 1991-ல் வந்தது, வெளியிட்டது கோல்ட் சில்லின் என்ற கம்பெனி. அப்போது அவருக்கு ஜிஸா என்ற பெயர் இல்லை, 'த ஜீனியஸ்'. கோல்ட் சில்லின் ஒன்றும் சாதாரண இடம் கிடையாது, பிக் டாடி கேன், பிஸ் மார்க்கி, கூல் ஜி ராப் என்று பெரிய தலைகள் இருந்த வீடு. பீட்டில் பெரும்பகுதி ஈஸி மோ பீ, பின்னாளில் நொட்டோரியஸ் பி.ஐ.ஜி.க்குப் பாட்டுப் போட்டுக்கொடுத்த அதே ஆள். ஆளும் சரி, இடமும் சரி, ஆனால் ஆல்பம் போணியாகவில்லை. அன்றைய நடனப் பாட்டுப் பாணியில் 'கம் டூ மீ' என்று ஒரு சரசப் பாட்டைச் செய்து அதை முன்னால் தள்ளிப் பார்த்தார்கள். இன்றைக்குப் போட்டுக் கேட்டால் அடுத்தவர் சட்டையை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு வந்த மாதிரி இருக்கிறது. வார்த்தை விளையாட்டில் கெட்டிக்காரர் என்பது அந்த ஆல்பத்திலேயே தெரியும், மோசமான ஆல்பம் என்று சொல்லவே மாட்டேன், ஆனால் அதில் இருப்பது கெட்டிக்காரத்தனம் மட்டும்தான். அவருக்கென்று ஒரு இடம், ஒரு வெளிச்சம், ஒரு குளிர் இல்லை. அதே 1991-ல் அவருடைய ஒன்றுவிட்ட தம்பி ரிஸா, 'பிரின்ஸ் ரக்கீம்' என்ற பெயரில் டாமி பாய் கம்பெனிக்கு இதே மாதிரி கலகலப்பான ஒரு பாட்டைச் செய்து, அதுவும் எடுபடாமல் வெளியே வந்தார். இரண்டு பேரும் ஒரே சமயத்தில், ஒரே விதமாகச் சூடுபட்டவர்கள். இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

சூடுபட்ட பிறகு ரிஸா போட்ட திட்டம்தான் ஹிப் ஹாப் வியாபாரத்தையே கொஞ்சம் அசைத்தது. ஒன்பது பேரைச் சேர்த்துக் குழுவாக்கி, 1993 நவம்பரில் லௌட் கம்பெனி வழியாக முதல் வு-டாங் ஆல்பத்தை வெளியிட்டார். ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை வைத்தார்: குழு லௌட்டில் இருக்கும், ஆனால் ஒவ்வொருவரும் தனி ஆல்பத்தை எந்தக் கம்பெனிக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். அப்படியே நடந்தது. மெதட் மேன் 1994-ல் டெஃப் ஜாமுக்கு, ஓல் டர்ட்டி பாஸ்டர்ட் 1995 மார்ச்சில் எலெக்ட்ராவுக்கு, ரேக்வான் 1995 ஆகஸ்டில் லௌட்டுக்கே, ஜிஸா 1995 நவம்பரில் கெஃபனுக்கு, கோஸ்ட்ஃபேஸ் கில்லா 1996-ல் எபிக்குக்கு. கெஃபன் என்றால் கன்ஸ் அண்ட் ரோஸஸ் ஞாபகம் வரும், ராக் கம்பெனி. ஆனால் கம்பெனி எதுவானால் என்ன, பீட் எல்லாம் நியூயார்க்கின் ஸ்டேட்டன் ஐலண்டில் ரிஸா வீட்டு நிலவறையிலிருந்துதான் போனது.

உங்கள் கேள்விக்கான பதில் இந்த வரிசையிலேயே இருக்கிறது. இரண்டே வருடத்துக்குள் ஐந்து ஆல்பம். பீட் போட்ட ஆள் ஏறக்குறைய ஒருவரே. விருந்தாளிகளும் ஏறக்குறைய அதே முகங்கள். கருவிகளும் அதேதான். எல்லாம் ஒன்று என்றால் ஐந்தும் ஒரே மாதிரி அல்லவா இருந்திருக்க வேண்டும்? ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் இருக்கின்றன. மெதட் மேனுடையது புகையும் மங்கலுமாக இருக்கும். ஓல் டர்ட்டி பாஸ்டர்டுடையது பாதிப் பாட்டு, பாதிக் கூச்சல். ரேக்வானுடையது முழு நீளக் குற்றப் படம், ஜான் வூவின் 'த கில்லர்' படத்து வசனங்களோடு ஓடுகிறது. அது வந்து மூன்று மாதத்துக்குக் கொஞ்சம் மேல் கழித்து வந்த 'லிக்விட் ஸ்வோர்ட்ஸ்' குளிர்ந்து, இறுகி, எலும்பு மட்டும் தெரிகிற மாதிரி நிற்கிறது. மாறியது ஒன்றே ஒன்றுதான், நடுவில் நிற்கிற ஆள். ரிஸா அந்த வருடங்களில் செய்தது ஆளைப் பார்த்து அளவெடுக்கிற வேலை, அந்த அளவை யார் கொடுத்தார்களோ ஆல்பம் அவர்களுடையது என்பது என் கட்சி. ரேக்வான் ஆல்பத்தில் கோஸ்ட்ஃபேஸ் ஏறக்குறைய எல்லாப் பாட்டிலும் வருகிறார், உறையிலேயே அவர் பெயரைப் போட்டார்கள், ஆனாலும் அதை ரேக்வான் ஆல்பம் என்றுதான் சொல்கிறோம், நீங்களும் அதில் சந்தேகப்பட்டிருக்க மாட்டீர்கள்.

இப்போது ஒலி. இது என் தொழில் என்பதால் கொஞ்சம் நீட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த ஆல்பம் எவ்வளவு குளிராக இருக்கிறதோ, அதற்குச் சாம்பிளாக எடுத்த சாமான்கள், அதாவது பழைய இசைத்தட்டுகளிலிருந்து வெட்டிய துண்டுகள், அவ்வளவு கதகதப்பானவை. தலைப்புப் பாட்டில் கேட்கிற ஆர்கன், மெம்ஃபிஸ் நகரத்து வில்லி மிட்செலின் 'க்ரூவின்'. 'ஷேடோபாக்ஸின்' பாட்டில் ஆன் பீபிள்ஸ், அவரும் மெம்ஃபிஸ், அதே மிட்செலின் பட்டறை. 'டூயல் ஆஃப் தி அயர்ன் மைக்'கில் வருவது டேவிட் போர்ட்டர், மறுபடியும் மெம்ஃபிஸ். எல்லாம் சர்ச் வாசனை அடிக்கிற அமெரிக்கத் தென்பகுதி ஸோல் இசை, மனசு உருகிப் பாடினவை. ரிஸா அவற்றிலிருந்து ஒரு துண்டை நறுக்கி, சில சமயம் சுருதி பிசகினாலும் பரவாயில்லை என்று விட்டு, திரும்பத் திரும்ப ஓடவிடுகிறார். ஒரு மனிதர் அழுத கண்ணீரில் ஒரு சொட்டை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் துடைத்துப்போட்டால் வெறும் விறைப்புதான் மிஞ்சும், அந்த விறைப்பு இந்த ஆல்பம் முழுக்க இருக்கிறது. 'கோல்ட் வேர்ல்ட்' பாட்டுக்கு த டிராமடிக்ஸ் குழுவின் மழைப் பாட்டு அடித்தளம், ஹூக்கில் (திரும்பத் திரும்ப வருகிற பல்லவியில்) ஸ்டீவி வொண்டரின் 'ராக்கெட் லவ்' மெட்டைத் திருப்பிப் பாடுகிறார்கள். காதலில் நொந்தவன் பாட்டு, குடியிருப்புக்குள் துப்பாக்கி வெடிக்கிற கதைக்குப் பின்னணியாகிவிட்டது. கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு என்று தொடங்குகிற பிரபலமான குழந்தைப் பாட்டு ஒன்று அமெரிக்காவில் உண்டு, ஜிஸா அதன் தொடக்கத்தை எடுத்துப் புத்தாண்டுக்கு முந்தின இரவாக்கி, ஒரு துப்பாக்கியும் சும்மா இருக்கவில்லை என்று முடிக்கிறார். அந்த ஓரிடத்தில் பீட்டும் வரியும் ஒரே வேலையைச் செய்கின்றன: இரண்டுமே இனிமையான பழைய சரக்கை எடுத்து அதன் சூட்டை இறக்குகின்றன. இது ரிஸா யோசனையா ஜிஸா யோசனையா என்று கேட்டால் எனக்குத் தெரிந்த அளவில் அந்தக் கேள்விக்கே பொருள் கிடையாது, ஆனால் பொருத்தம் தற்செயல் இல்லை என்று அடித்துச் சொல்வேன்.

குரலையும் கவனியுங்கள். ஜிஸா கத்துவதில்லை. அவசரமும் இல்லை, பாடிக் காட்டுகிற ஆசையும் இல்லை. அடங்கிய, தட்டையான, கொஞ்சம் சலித்துப்போன வாத்தியார் குரல். மிக்ஸில் அந்தக் குரல் முன்னால், உலர்ந்து நிற்கிறது. பீட் கொஞ்சம் அழுக்காகவும் குரல் சுத்தமாகவும் இருப்பதால் ஒவ்வொரு மெய்யெழுத்தும் காதில் உரசும். இந்தச் சமயத்தில் அவருக்கு 29 வயது, வு-டாங்கின் ஒன்பது பேரில் மூத்தவர். ரிஸாவைச் சின்ன வயதில் தெருவோர ராப் கச்சேரிகளுக்குக் கூட்டிப்போனவரே அவர்தான். தலைப்புப் பாட்டின் ஹூக்கூட 1980-களில் இந்த உறவுக்காரப் பையன்கள் சேர்ந்து சொல்லிப் பழகிய பழைய வரிகள்தான், புதிதாக எழுதியதில்லை. முதல் ஆல்பத்தில் கம்பெனிக்குத் தேவைப்படாத சரக்கு இரண்டாவதில் கதவைத் திறந்துவைக்கிறது.

எழுத்துக்கு வருவோம். சுருக்கம்தான் அவர் முறை. 1997-ல் வந்த இரண்டாவது வு-டாங் ஆல்பத்தில் மற்ற ராப்பர்களுக்கு அவர் சொல்கிற புத்திமதியே நீளத்தைக் குறை, பலத்தைக் கூட்டு என்பதுதான். மாட் டேனியல்ஸ் என்பவர் 2014-ல் ராப்பர்களின் முதல் 35,000 வார்த்தைகளை எடுத்து, அதில் எத்தனை வெவ்வேறு வார்த்தைகள் என்று எண்ணிப் பார்த்தார். ஏசாப் ராக்குக்கு அடுத்து இரண்டாம் இடம் ஜிஸாவுக்கு. வார்த்தை எண்ணிக்கை கவிதையின் தரத்தைச் சொல்லாது, அது வேறு சங்கதி, ஆனால் குறைவாகப் பேசுகிற ஒருவர் ஒரே வார்த்தைக்குத் திரும்பத் திரும்பப் போகாமல் எழுதுகிறார் என்பதற்கு அது சாட்சி. 'லேபிள்ஸ்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். டாமி பாய் தொடங்கி வரிசையாக இசைக் கம்பெனிகளின் பெயர்களை வாக்கியத்துக்குள் சாதாரணச் சொற்கள் மாதிரி ஒளித்து வைத்துக்கொண்டே போகிறார், பெயரைத் தெரிந்தவனுக்கு வசை, தெரியாதவனுக்கு ஏதோ ஒரு கதை. சிலேடை நமக்குப் புதிதில்லை என்பதால் தமிழ் ஆட்களுக்கு இது சட்டென்று பிடிக்கும். ஆனால் வெறும் வித்தை இல்லை அது. தம்பியை வெளியேற்றிய கம்பெனியின் பெயரைப் பாட்டின் வாசலிலேயே வைத்திருக்கிறார். முதல் ஆல்பம் தோற்றிருக்காவிட்டால் இந்தப் பாட்டை எழுத அவருக்கு விஷயமே இருந்திருக்காது. பிறகு பத்திரிகைப் பெயர்கள், விலங்குகள், பிரபலங்கள் என்று இதே உத்தியைப் பல ஆல்பங்களில் செய்தார். எனக்கு அவையெல்லாம் கெட்டிக்காரத்தனமாகத்தான் பட்டன, 'லேபிள்ஸில்' இருக்கிற கோபம் அவற்றில் கிடையாது.

விருந்தாளிகள் விஷயத்தில் நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, மழுப்பவில்லை. 'ஷேடோபாக்ஸின்' பாட்டில் முதல் வெர்ஸும் (சரணம் மாதிரி) மூன்றாவது வெர்ஸும் மெதட் மேன், நடுவில் ஒன்றே ஒன்றுதான் ஜிஸா. அது மெதட் மேன் பாட்டு என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போக மாட்டேன். 'ஃபோர்த் சேம்பரில்' கோஸ்ட்ஃபேஸ் வானம் ஏன் நீலம், தண்ணீர் ஏன் ஈரம் என்று கேள்வியாகக் கேட்டுக்கொண்டு உள்ளே நுழைகிற அந்தச் சில நொடிகளுக்குப் பிறகு எல்லோரும் பின்னால்தான், கடைசியில் வருகிற ஜிஸா உட்பட. ஆனால் 'கோல்ட்' (தங்கம் என்ற பொருளில், 'கோல்ட் வேர்ல்ட்' வேறு பாட்டு), 'லேபிள்ஸ்', 'கில்லா ஹில்ஸ் 10304' பாட்டுகளில் வெர்ஸ் முழுக்க அவர் ஒருவர்தான், ஆல்பத்தின் முதுகெலும்பும் அவைதான். 10304 என்பது ஸ்டேட்டன் ஐலண்டில் அவர்கள் புழங்கிய பகுதியின் அஞ்சல் குறியீடு. ஷாம்பெய்ன் பாட்டிலுக்குள் குண்டு வைக்கிற கதையை, ஏதோ கணக்குப் புத்தகத்தைப் படிக்கிற மாதிரி, குரலை உயர்த்தாமல் சொல்லிக்கொண்டு போகிறார். அதே கதை ரேக்வான் கையில் கிடைத்திருந்தால் உடை, உணவு, நகை என்று வர்ணனையே பாதி நேரம் ஓடியிருக்கும். விருந்தாளிகள் சூடேற்றிவிட்டுப் போகிறார்கள், இவர் மறுபடி குளிர்விக்கிறார். மற்றவர்கள் இல்லாமல் இவர் ஒருவரே பதின்மூன்று பாட்டும் சொல்லியிருந்தால் நடுவில் எனக்குத் தூக்கம் வந்திருக்கும் என்பதையும் மறைக்கவில்லை.

ஆல்பம் முழுக்க நடுநடுவே வருகிற சிறுவன் குரலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது 'ஷோகன் அசாஸின்' என்ற 1980 படம். 1972-ல் வந்த இரண்டு ஜப்பானியப் படங்களை வெட்டி ஒட்டி ஆங்கிலத்தில் பேசவைத்து அமெரிக்காவில் வெளியிட்டது, அதாவது அந்தப் படமே ஒரு சாம்பிள்தான். ஷோகனுக்காக (ஜப்பானை ஆண்ட படைத்தலைவனுக்காக) தலை வெட்டுகிற வேலையில் இருந்தவன், அந்த ஷோகன் ஆள் வைத்து அவன் மனைவியைக் கொன்ற பிறகு, குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வெளியேறுகிறான், குழந்தை கதை சொல்கிறது. இதுவரை உறுதியான தகவல். இதற்கு மேல் நான் சொல்வது என் ஊகம்: எஜமானுக்கு விசுவாசமாக வேலை பார்த்து, அவனால் துரோகம் செய்யப்பட்டு, கத்தியை மட்டும் எடுத்துக்கொண்டு சொந்தக்காரர்களோடு வெளியே வந்தவன் கதை, கோல்ட் சில்லினிலிருந்து வெளியே வந்த ஒருவருக்கு ரொம்பப் பொருந்துகிறது. அவர்கள் அதை நினைத்துத்தான் போட்டார்கள் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் கிடையாது. குங்ஃபூ, சாமுராய்ப் படங்கள் மேல் அந்தக் குழு மொத்தத்துக்கும் பைத்தியம், வெறும் ஆசைக்காகவும் போட்டிருக்கலாம். உறையில் இருக்கிற சதுரங்கச் சண்டை ஓவியம் டெனிஸ் கோவன் என்ற காமிக்ஸ் ஓவியர் வரைந்தது. சதுரங்கம் மட்டும் சந்தேகமில்லாமல் ஜிஸாவின் சொந்தப் பைத்தியம், 2005-ல் டிஜே மக்ஸோடு சேர்ந்து 'கிராண்ட்மாஸ்டர்ஸ்' என்று முழு ஆல்பமே செய்தார்.

கடைசிப் பாட்டு 'பி.ஐ.பி.எல்.இ.' பற்றிச் சுருக்கமாக. நீங்கள் சொன்னது சரி, அதில் ஜிஸா இல்லை, குழுவோடு சேர்ந்து புழங்கிய ராப்பர் கில்லா ப்ரீஸ்ட் மட்டும். 'பீட் எல்லாம் ரிஸா' என்ற உங்கள் வரியில் ஒரு திருத்தமும் இங்கேதான், இந்த ஒரு பாட்டின் பீட் ஃபோர்த் டிசைப்பிள் செய்தது. அடுத்த ஆளை மேடையேற்றுவது அந்தக் குழுவின் வழக்கம், இதே கெஃபன் கம்பெனியில் கில்லா ப்ரீஸ்ட் 1998-ல் தன் முதல் ஆல்பத்தை வெளியிட்டார். நல்ல பாட்டுதான், ஆனால் ஆல்பம் என்ற முறையில் அதற்கு முந்தின 'ஐ காட்சா பேக்' பாட்டோடு முடித்திருக்கலாம் என்பது என் அபிப்பிராயம். அது 1994-ல் 'ஃப்ரெஷ்' என்ற படத்துக்காக வந்த பாட்டு, சதுரங்கம் ஆடுகிற ஒரு புரூக்ளின் பையனைப் பற்றிய படம், முடிவுக்கு அதைவிடப் பொருத்தமாக எது இருக்கப்போகிறது.

விற்பனையைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் 'அப்போது ஓடவில்லை, பின்னால்தான் கொண்டாடினார்கள்' என்று யாராவது உங்களிடம் சொல்லுவார்கள். பில்போர்டு 200 பட்டியலில் 9-ஆம் இடம் வரை போனது, 1996 ஜனவரியிலேயே கோல்ட் சான்றிதழ், அதாவது ஐந்து லட்சம் பிரதிகள். பத்து லட்சத்துக்கான பிளாட்டினம் மட்டும் 2015-ல்தான் வந்தது, இருபது வருடம் கழித்து.

எப்படிக் கேட்பது என்றால், முதலில் ரேக்வானின் 1995 ஆல்பத்தில் இரண்டு மூன்று பாட்டு, உடனே இதில் 'கோல்ட்', 'கில்லா ஹில்ஸ் 10304'. ஒரே ஆள் போட்ட பீட்கள் எப்படிக் குணம் மாறுகின்றன என்று தானாகத் தெரியும். 2012-ல் கெட் ஆன் டவுன் கம்பெனி சதுரங்கப் பலகையோடு ஒரு பெட்டியாக இந்த ஆல்பத்தை மறுவெளியீடு செய்தபோது குரல் இல்லாத பீட்களையும் தனியாகக் கொடுத்தார்கள். அது கிடைத்தால் 'லேபிள்ஸ்' பீட்டை மட்டும் ஓடவிட்டுப் பாருங்கள், நன்றாகத்தான் இருக்கும், ஆனால் ஒரு நிமிடத்துக்குப் பிறகு யாராவது பேச மாட்டார்களா என்று இருக்கும். முதல் ஆல்பத்தைத் தேடிப் போகிறேன் என்றால் போங்கள், ஆனால் இதைக் கேட்ட பிறகு போங்கள், 'கம் டூ மீ' பாட்டில் தொடங்காதீர்கள்.